ஈரலின் அழுத்தத்தை அளக்கும் குமிழிகள்

கையில் பட்டை சுற்றிப் பார்க்கும்போது பிரஷர் 120/80 என்று வந்தால் நிம்மதியாக வீடு திரும்புகிறோம். அந்தப் பட்டைக்கு எட்டாத இன்னொரு அழுத்தம் வயிற்றுக்குள் இருக்கிறது. குடல், இரைப்பை, கணையம், மண்ணீரல் எல்லாவற்றிலிருந்தும் திரும்பும் ரத்தம் ஒரே சிரையில் சேர்ந்து கல்லீரலுக்குள் நுழைகிறது. போர்ட்டல் சிரை என்று அதற்குப் பெயர். அதன் இயல்பான அழுத்தம் வெறும் 5 முதல் 10 மில்லிமீட்டர் பாதரசம். கல்லீரல் தழும்பேறி இறுகத் தொடங்கினால் இந்த எண் மெல்ல ஏறும். வலிக்காது, காய்ச்சல் வராது, கைப் பட்டையில் 120/80 அப்படியே நிற்கும். பலருக்கு முதல் அறிகுறியே ரத்த வாந்திதான்.

கல்லீரலுக்குள் தடையின்றி நுழைய முடியாத ரத்தம் வேறு வழி தேடுகிறது. உணவுக்குழாயின் அடியிலும் இரைப்பையின் மேற்பகுதியிலும் இருக்கும் மெல்லிய சிரைகள் அந்தச் சுமையை ஏற்றுப் புடைக்கின்றன. ஒருநாள் வெடிக்கின்றன. எண்டோஸ்கோப்பி வழியே ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவது, மருந்து, ரத்தம் ஏற்றுவது என்று இன்றைய சிகிச்சை அத்தனையும் கிடைத்தாலும், இப்படி ரத்தம் கசிந்தவர்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேர் ஆறு வாரத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். தப்பியவர்களையும் வயிற்றில் நீர் சேரும் மகோதரமோ மனக்குழப்பமோ பின்தொடரக்கூடும்.

இத்தனைக்கும் இந்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை விலை மலிவானது, மிகப் பழையது. இதய நோய்க்குக் கொடுக்கும் புரோப்ரனலால், ஈரல் சுருங்கியவர்களின் ரத்தக்கசிவையும் தடுக்கும் என்று பாரிஸில் டிடியே லெப்ரெக் குழுவினர் 1980களின் தொடக்கத்திலேயே காட்டினார்கள். 2019இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு இன்னும் ஒரு படி முன்னே போனது. ஈரல் தழும்பேறிச் சுருங்கும் சிரோசிஸ் வந்திருந்தாலும் வயிற்றில் நீரோ ரத்தக்கசிவோ இன்னும் தோன்றாத 201 பேரை அது எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் ஈரல் அழுத்தம் ஆபத்தான எல்லையைத் தாண்டியிருந்தது. பாதிப்பேருக்குப் புரோப்ரனலால் அல்லது கார்வெடிலால், மற்றவர்களுக்கு மருந்தில்லா மாத்திரை. பின்தொடர்ந்த ஆண்டுகளில் நிலைமை முற்றியவர்களும் இறந்தவர்களும் மருந்தில்லாக் குழுவில் 27 சதவீதம், மருந்துக் குழுவில் 16 சதவீதம். ஈரல் நோயில் இப்படி முன்கூட்டியே தடுக்க வாய்ப்பு கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் அந்த மாத்திரையை யாருக்குக் கொடுப்பது என்று தெரிய அழுத்தத்தை அளக்க வேண்டும். இங்கேதான் இடிக்கிறது.

கழுத்திலிருந்து ஈரலுக்கு

இன்றைக்கு நம்பத்தக்க அளவீடு ஒன்றுதான். நோயாளியைப் படுக்கவைத்து, கழுத்துச் சிரையில் மரத்துப்போகும் ஊசி போட்டுத் துளைத்து, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மெல்லிய குழாய் ஒன்றை இதயத்தின் வலப்பக்கம் தாண்டிக் கல்லீரல் சிரைக்குள் இறக்குகிறார்கள். முதலில் சும்மா ஓர் அழுத்தம் பார்க்கிறார்கள். பிறகு குழாயின் நுனியில் உள்ள சிறு பலூனை ஊதிச் சிரையை அடைத்து இன்னொரு அழுத்தம் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் விடை. அடைத்து அளக்கும் இந்த உத்தியை மையர்ஸ், டெய்லர் என்ற இருவர் 1951இல் வெளியிட்டார்கள். பலூன் பின்னால் வந்தது.

அந்த வேறுபாடு 5 வரை இருந்தால் இயல்பு. 5ஐத் தாண்டினால் அழுத்தம் கூடியிருக்கிறது. 10ஐத் தொட்டால் புடைப்புகளும் மகோதரமும் எந்நேரமும் வரலாம். மருத்துவ உலகம் அஞ்சும் எல்லை அதுதான். 12ஐத் தாண்டினால் புடைத்த சிரை வெடிக்கும் ஆபத்து.

திறமையானவர் கையில் இது பத்திரமான சோதனைதான். ஆனால் அதற்குப் பழகிய நிபுணர் வேண்டும், எக்ஸ்ரே அறை வேண்டும். பெரிய மருத்துவமனைகளிலேயே நடக்கும். சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரையும் கழுத்தில் துளைத்துப் பார்ப்பதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் துளைப்பதும் நடைமுறையில் ஆகாது. அதனால் யாருடைய அழுத்தம் 10ஐத் தாண்டியிருக்கிறது என்பது பெரும்பாலும் ஊகமாகவே இருந்துவருகிறது. எவ்வளவோ பேர் சிரை வெடித்த பிறகுதான் கணக்கில் வருகிறார்கள் என்பதை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

குழாய்க்குப் பதில் குமிழி என்ற யோசனை வருவது இந்த இடத்தில்தான். அதன் வேர்களில் ஒன்று டொராண்டோவில் இருக்கிறது.

ஏரியின் இரு கரைகள்

ஒன்டாரியோ ஏரியின் இக்கரையில் டொராண்டோ, அக்கரையில் அமெரிக்காவின் ரோசெஸ்டர். ரோசெஸ்டரில் 1968இல் ரேமண்ட் கிராமியாக், பிரவீண் ஷா என்ற இரு மருத்துவர்கள் இதயத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி திரவம் செலுத்தியபோது, கறுப்பாகத் தெரிய வேண்டிய ரத்தத்தில் எதிரொலிகள் மேகம்போல் எழுந்ததைப் பதிவு செய்தார்கள். திரவத்தோடு கலந்து போன நுண்ணிய காற்றுக் குமிழிகள்தான் காரணம் என்பது பின்னர் தெளிவானது. ரத்த அணு ஒலியை மிக மெல்லத்தான் சிதறடிக்கும். வாயுக் குமிழியோ ஒலி பட்டவுடன் சுருங்கி விரிந்து பலமாகத் திருப்பி அனுப்பும்.

இன்று பயன்படும் குமிழிகள் வெறும் காற்றல்ல. பெர்ஃப்ளூரோ வகைக் கனமான வாயுவை மெல்லிய கொழுப்பு உறைக்குள் அடைத்துச் செய்தவை. குறுக்களவு சில மைக்ரான்கள்தான், சிவப்பணுவைவிடச் சிறியவை. அதனால் நுரையீரலின் நுண்குழாய்களைத் தாண்டி உடல் முழுக்கச் சுற்றுகின்றன. சில நிமிடங்களில் உடைந்து, வாயு மூச்சோடு வெளியேறிவிடுகிறது. சிறுநீரகத்துக்கு வேலையே இல்லை. சி.டி. ஸ்கேனுக்குப் போடும் அயோடின் சாயத்தைக் கண்டு அஞ்சும் சர்க்கரை நோயாளிகளுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்ல வேண்டியதில்லை. கடுமையான ஒவ்வாமை மிக அரிது. பாலிஎத்திலீன் கிளைகால் ஒவ்வாதவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

டொராண்டோவின் பேவியூ அவென்யூவில் இருக்கும் சன்னிபுரூக் மருத்துவமனையில் பீட்டர் பர்ன்ஸ் என்ற இயற்பியலாளர் இந்தக் குமிழிகளோடு பல்லாண்டுகள் உழைத்தார். பிரிட்டனிலிருந்து வந்தவர். டொராண்டோவுக்கு முன் ஃபிலடெல்ஃபியாவின் தாமஸ் ஜெஃபர்சன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். இந்த ஊர்ப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வரும். குமிழியின் எதிரொலியைச் சதையின் எதிரொலியிலிருந்து பிரிப்பது எப்படி என்பதுதான் அவர் முன் இருந்த கேள்வி. 1999இல் அவரும் அவர் குழுவினரும் விளக்கிய முறை அழகானது. ஓர் ஒலித் துடிப்பை அனுப்பி, உடனே அதையே தலைகீழாக்கி இன்னொன்றை அனுப்புகிறார்கள். சதையிலிருந்து திரும்பும் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குமிழியின் துடிப்பு சமச்சீரற்றது என்பதால் அதன் எதிரொலி மட்டும் அழியாமல் மிஞ்சும். திரையில் சதை மங்க, ரத்தம் ஒளிரும்.

அதே காலத்தில் டொராண்டோ ஜெனரல் மருத்துவமனையின் கதிரியக்க மருத்துவர் ஸ்டெஃபனி வில்சன், பர்ன்ஸுடன் சேர்ந்து இதைக் கல்லீரலில் பயன்படுத்தினார். குமிழிகள் ஈரலில் உள்ள கட்டிக்குள் எந்த வேகத்தில் நுழைகின்றன, எந்த ஓரத்திலிருந்து நிரம்புகின்றன, எப்போது வெளியேறுகின்றன என்பதைப் பார்த்தே, அது பயமில்லாத ரத்தநாள முடிச்சா, புற்றுநோயா, வேறிடத்திலிருந்து பரவியதா என்று பிரித்தறியலாம் என 2000இல் ‘ரேடியாலஜி’ இதழில் காட்டினார்கள். கனடாவில் டெஃபினிட்டி என்ற குமிழி மருந்துக்கு இதயத்தோடு கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைக்கும் அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் கல்லீரலுக்கு அந்த வாசல் திறந்தது 2016இல்தான்.

சன்னிபுரூக் இத்தோடு நிற்கவில்லை. 2015இல் அங்கே மூளைக்கட்டி நோயாளி ஒருவருக்குக் குமிழிகளையும் குவித்த ஒலியையும் கொண்டு மூளையின் ரத்தத் தடுப்பைத் தற்காலிகமாகத் திறந்து மருந்தை உள்ளே அனுப்பினார்கள். உலகிலேயே முதல்முறை. கத்தி வைக்காமல் குமிழியை வேலை வாங்கும் கலையில் இந்த ஊருக்கு நீண்ட அனுபவம் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பாதி ஸ்தாயியில் ஒரு குரல்

கட்டியைப் பார்ப்பது வேறு, அழுத்தத்தை அளப்பது வேறு. குமிழிக்கு அழுத்தம் எப்படித் தெரியும்?

2.5 மெகாஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பினால் குமிழி அதே தாளத்தில் சுருங்கி விரியும். அத்தோடு இருமடங்குத் தாளத்திலும் பேசும். டொராண்டோ முறை செவிகொடுத்தது இந்த மேல்தாளங்களுக்கு. ஆனால் ஒலியின் வலிமையை ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால், குமிழி சரிபாதியான 1.25 மெகாஹெர்ட்ஸிலும் குரல் கொடுக்கத் தொடங்கும். வெளியிலிருந்து இரண்டு தள்ளல், குமிழியிடமிருந்து ஓர் ஆட்டம். ஊஞ்சல் பலகையில் நின்று உந்துகிறவரைப் பாருங்கள்: ஊஞ்சல் ஒருமுறை போய்த் திரும்புவதற்குள் அவர் இரண்டு முறை குந்தி எழுகிறார். உந்துதல் போதாவிட்டால் ஊஞ்சல் எழும்பாது. போதுமான அளவைத் தொட்டதும் வேகம் பிடிக்கும், ஓர் உயரத்துக்கு மேல் போகாது. குமிழியின் பாதிக் குரலுக்கும் இதே மூன்று கட்டங்கள் உண்டு: தோன்றுவது, வளர்வது, நிறைந்து நிற்பது.

சதை இந்தப் பாதிக் குரலை எழுப்பாது. ஆகவே அது கேட்டால் குமிழிதான் பேசுகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். ஃபிலடெல்ஃபியாவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் ஷங்கர், கிருஷ்ணா, நியூஹவுஸ் ஆகியோர் 1998இல் இதன் பயனை எடுத்துக்காட்டினார்கள். டொராண்டோவிலும் ஸ்டூவர்ட் ஃபாஸ்டர், பர்ன்ஸ், டேவிட் கோர்ட்ஸ் முதலியோர் அடங்கிய குழு சிறு விலங்குகளின் நுண்ணிய நாளங்களைப் பார்க்க இதைக் கையாண்டு 2008இல் எழுதியது.

அழுத்தத்தோடு முடிச்சுப் போட்டவர்கள் தாமஸ் ஜெஃபர்சன் குழுவினர். சுற்றிலும் அழுத்தம் ஏற ஏற, குமிழியின் பாதிக் குரல் தாழ்ந்துகொண்டே வருவதை 1999இல் ஷி, ஃபிளெமிங் ஃபோர்ஸ்பெர்க், கோல்ட்பெர்க் உள்ளிட்டோர் ஆய்வகத் தொட்டியில் அளந்து காட்டினார்கள். அதாவது ரத்தத்தில் மிதக்கும் ஒவ்வொரு குமிழியும் ஓர் அழுத்தமானி. குழாயை உள்ளே விடாமல், வெளியே வைத்த அல்ட்ராசவுண்ட் கருவியால் அந்த மானியைப் படிக்கலாம்.

சொல்வதற்கு எளிது. பருமனான உடலில் ஒலி வழியிலேயே தேய்ந்துவிடும். மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் ஒரே டெசிபல் ஒரே அழுத்தத்தைக் குறிக்காது. இந்தச் சிக்கலை அவர்கள் தீர்த்த விதம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. ஒரே படத்தில் ஏறத்தாழ ஒரே ஆழத்தில் தெரியும் இரண்டு நாளங்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: ஈரலுக்குள் நுழையும் போர்ட்டல் சிரை, ஈரலிலிருந்து வெளியேறும் கல்லீரல் சிரை. வழியில் ஒலி தேய்வது இரண்டுக்கும் கிட்டத்தட்டப் பொது. எனவே ஒன்றின் குரலிலிருந்து மற்றதன் குரலைக் கழித்தால் எஞ்சுவது அழுத்த வேறுபாட்டின் சாயல். கழுத்துக் குழாய் கொடுப்பதும் ஒரு வேறுபாடுதானே! ஒலியின் வலிமையையும் ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே சரிசெய்து, பாதிக் குரல் ‘வளரும்’ கட்டத்தில் இருக்குமாறு கருவியே பிடித்துக்கொள்கிறது. அழுத்தத்தை நுட்பமாக உணர்வது அந்தக் கட்டம் மட்டும்தான்.

நாய்களில் ஜெய்தேவ் தவே உள்ளிட்டோர் சரிபார்த்த பிறகு, மனிதர்களிடம் வந்தார்கள். ஜான் ஐசன்பிரே முதன்மை ஆசிரியராக 2013இல் வந்த முதல் ஆய்வில் 45 பேர். எல்லோருக்கும் கழுத்துக் குழாய் அளவீடும் எடுத்தார்கள், குமிழி அளவீடும் எடுத்தார்கள். இரண்டும் 0.82 என்ற அளவில் ஒத்துப்போயின. முழு ஒற்றுமை என்றால் 1. அடுத்து, ஜெஃபர்சனும் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையும் சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு. இப்ஷிதா குப்தா முதன்மை ஆசிரியர், 2021இல் ‘ரேடியாலஜி’யில் வெளியானது, 178 பேர். 10ஐத் தாண்டிய ஆபத்தானவர்களில் 91 சதவீதத்தினரைக் குமிழிச் சோதனை அடையாளம் கண்டது.

இந்த 91ஐ மட்டும் எடுத்துக்கொண்டு கொண்டாடுவது நேர்மையாகாது. பெரிய ஆய்வில் ஒத்துப்போகும் அளவு 0.82இலிருந்து 0.68க்கு இறங்கியது. இரண்டு மருத்துவமனைகள், பல வகை உடல்கள், பல வகை ஈரல்கள் சேரும்போது அப்படித்தான் ஆகும். இதன் பொருள் தெளிவு: இந்த முறை ‘உங்கள் அழுத்தம் சரியாக 11’ என்று சொல்லாது, ‘எல்லையைத் தாண்டிவிட்டீர்கள், தாண்டவில்லை’ என்று பிரிக்கும். ஆட்களைச் சலித்துப் பிரிக்க அது போதும். சிகிச்சையின் போக்கை எண்ணுக்கு எண் பின்தொடர அது போதாது. இன்னொன்று, அந்த ஆய்வுகள் பயன்படுத்தியது சோனாசாய்ட் என்ற குமிழி. ஜப்பானில் 2007 முதல் புழக்கத்தில் இருப்பது. கனடாவில் பழக்கமான டெஃபினிட்டியின் உறை வேறு, வாயு வேறு. ஒரு குமிழிக்குப் போட்ட அளவுகோலை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்த முடியாது. இதே குழுவினர் டெஃபினிட்டியைக் கொண்டு இதய அறைகளின் அழுத்தத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள் என்பது நம்பிக்கை தருகிறது. ஈரலுக்கு அந்த அளவுகோலைத் தனியாகப் போட வேண்டும்.

இன்றைய நிலையில் இது ஆய்வு மருத்துவம். டொராண்டோவிலோ சென்னையிலோ குடும்ப மருத்துவரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ச் செய்துகொள்ளும் சோதனையாக இன்னும் ஆகவில்லை.

‘ஒரு துளியும் தொடாதவர்’

இதை நம்மவர்களுக்கு ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், ஈரல் நோய் என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி குடியைப் பற்றியது. “எங்கட அம்மா ஒருநாளும் தொட்டதில்லையே, பிறகு எப்படி ஈரல் கெட்டது?” என்று டொராண்டோப் பக்கம் ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் பிள்ளைகள் திகைப்பதுண்டு. திகைப்போடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. உறவுக்குள் சொல்லாமல் மறைப்பார்கள். குடிப்பவர் என்று ஊர் நினைத்துவிடுமோ என்ற பயம்.

குடிக்காத ஈரலும் தழும்பேறும். சர்க்கரை நோய், இடுப்பைச் சுற்றிய கொழுப்பு, ட்ரைகிளிசரைடு ஏற்றம் ஆகியவை ஈரலில் கொழுப்பைச் சேர்க்கின்றன. உலகில் வயது வந்தவர்களில் பத்தில் மூவருக்குக் கொழுப்பு ஈரல் இருக்கிறது என்பது இன்றைய மதிப்பீடு. அவர்களில் மிகச் சிறிய பங்கினருக்கே அது சிரோசிஸ் வரை போகும். ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். தெற்காசியர்களுக்கு எடை அதிகமில்லாமலே, இளவயதிலேயே சர்க்கரை வருகிறது. மெலிந்த கைகால், முன்தள்ளிய வயிறு என்ற நம் உடல்வாகு ஏமாற்றும். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்து, இரண்டு வேலை செய்து, இரவு ஷிஃப்ட் பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கிய தலைமுறை இப்போது அறுபதையும் எழுபதையும் எட்டியிருக்கிறது. சீனி வருத்தத்தோடு பல்லாண்டு வாழ்ந்தவர்கள் அவர்களில் ஏராளம். கண்ணைப் பரிசோதிக்கிறார்கள், காலைப் பரிசோதிக்கிறார்கள், சிறுநீரகத்தைப் பார்க்கிறார்கள். ஈரலைப் பெரும்பாலும் யாரும் நினைப்பதில்லை.

1922 ஜனவரி 11 அன்று உலகில் முதல்முறையாகச் சர்க்கரை நோயாளி ஒருவருக்கு, லெனர்ட் தாம்ப்ஸன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு, இன்சுலின் செலுத்தியது டொராண்டோ ஜெனரல் மருத்துவமனையில்தான். அதற்கு முன் முதல்வகைச் சர்க்கரை என்றால் மரணம். இன்று சர்க்கரையோடு நாற்பது ஆண்டு வாழ முடிகிறது. நீண்ட வாழ்வில்தான் ஈரலின் தழும்பு முற்றுகிறது. அதே மருத்துவமனை இப்போது வட அமெரிக்காவின் பெரிய ஈரல் மாற்று மையங்களில் ஒன்று. உயிரோடிருப்பவர் ஈரலின் ஒரு பகுதியைத் தரும் அறுவையில் பேர் பெற்றது. மகளோ மருமகனோ தன் ஈரலை அறுத்துக் கொடுக்கும் நிலைக்குப் போகும் முன், பத்தாண்டு முன்னதாகவே ஓர் எண்ணைப் பார்த்து ஒரு மாத்திரையைத் தொடங்கியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

இன்று கையில் இருப்பவை

குமிழி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குடும்ப மருத்துவரே கணக்குப் போடக்கூடிய ‘ஃபிப்-4’ என்றொரு எண் இருக்கிறது. வயது, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்ற இரு ஈரல் நொதிகள், பிளேட்லெட் ஆகிய நான்கும் போதும். சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே இவை இருக்கும். 1.3க்குக் கீழே என்றால் பெரும்பாலும் கவலையில்லை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த வரம்பு 2. அதற்கு மேல் போனால் அடுத்த சோதனை ஃபைப்ரோஸ்கேன். 2003இல் பிரான்ஸிலிருந்து வந்த கருவி அது. விலா எலும்புகளுக்கிடையே மெல்லத் தட்டி, அந்த அதிர்வு ஈரலில் ஓடும் வேகத்தை வைத்து அதன் விறைப்பைக் கிலோபாஸ்கலில் சொல்லும். வெறும் வயிற்றோடு போக வேண்டும்.

இத்தாலியின் பவேனோ ஊரின் பெயரால் கூடும் உலக நிபுணர்கள் 2021இல் வகுத்த விதி இதுதான்: விறைப்பு 15 அல்லது அதற்குக் கீழ், பிளேட்லெட் ஒன்றரை லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஆபத்தான அழுத்தம் இல்லை என்று கொள்ளலாம். விறைப்பு 25ஐத் தாண்டினால் இருக்கிறது என்று கொள்ளலாம். இடையில் இருப்பவர்கள்? அதுதான் சாம்பல் நிலம். இன்னொரு சங்கடமும் உண்டு. உடல் பருமனும் கொழுப்பு ஈரலும் சேர்ந்தவர்களுக்கு அந்த 25 விதி நம்பத்தக்கதல்ல என்று அதே நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். கொழுப்பு ஈரலில் அழுத்த வேறுபாடு 10ஐ எட்டாதபோதே சிலருக்கு நிலைமை முற்றிவிடுகிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. கவனியுங்கள், விதி தடுமாறுவது எங்கே? நம் சமூகத்தில் பெருகிவரும் அதே நோயில்.

குமிழிச் சோதனையின் உண்மையான இடம் இந்தச் சாம்பல் நிலம் என்பது என் கணிப்பு. விறைப்பு என்பது அழுத்தத்தின் நிழல். குமிழி அழுத்தத்தையே தொடுகிறது. சிரோசிஸ் உள்ளவர்கள் புற்றுநோய் முளைத்திருக்கிறதா என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை எப்படியும் அல்ட்ராசவுண்ட் மேசையில் படுக்கிறார்கள். அதே மேசையில், கைச் சிரையில் ஓர் ஊசியோடு, இன்னும் சில நிமிடம் செலவிட்டு அழுத்தத்தையும் பார்க்க முடிந்தால் ஈரல் சிகிச்சையின் போக்கே மாறும். கழுத்துக் குழாயைச் சந்தேகம் தீராத சிலருக்கு மட்டும் ஒதுக்கலாம்.

இந்தியாவுக்கு இதில் தனி அக்கறை உண்டு. அங்கே சிரோசிஸே இல்லாமல் போர்ட்டல் அழுத்தம் ஏறும் நோய்கள் இரண்டு. ஒன்று, ஈரலுக்குள் போர்ட்டல் சிரையின் நுண்கிளைகள் அடைபடுவது. மற்றது, ஈரலுக்கு வெளியிலேயே அந்தச் சிரை உறைந்துபோவது, பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில். முதலாவதை 1967இல் ஜேம்ஸ் பாயர் கல்கத்தா மருத்துவர்களோடு சேர்ந்து விரிவாக விவரித்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து எழுதிவருகிறார்கள். இந்நோயாளிகளின் ஈரல் ஓரளவு நன்றாகவே வேலை செய்யும், மண்ணீரல் மட்டும் பெரிதாக வீங்கியிருக்கும், ரத்த வாந்தி எடுப்பார்கள். கழுத்துக் குழாய் இவர்களிடம் தோற்கிறது. தடை போர்ட்டல் சிரைப் பக்கம் இருக்க, குழாய் ஈரலின் மறுபக்கத்திலிருந்து அளப்பதால், எண் இயல்பாகவோ சற்றே கூடுதலாகவோ வரும். குமிழியோ போர்ட்டல் சிரைக்குள்ளேயே மிதந்து, அங்கிருந்தே பேசுகிறது. ஈரலுக்குள் தடை இருப்பவர்களிடம், குழாய் தவறவிடுவதைக் குமிழி பிடிக்குமா? பிடிக்க வேண்டும் என்று இயற்பியல் சொல்கிறது. நோயாளிகளிடம் சோதித்தால்தான் தெரியும். சிரையே உறைந்துபோனவர்களிடம் நிலைமை கடினம், ஓடாத ரத்தத்தில் குமிழியும் ஓடாது.

இந்தச் சோதனையைச் செய்ய வேலூரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. சாம்பல் நிலத்தில் நிற்கும் சர்க்கரை நோயாளிகளைச் சோதிக்க ஸ்கார்பரோவைவிடப் பொருத்தமான இடமும் தோன்றவில்லை. குமிழி அறிந்த இயற்பியலாளர்கள் பேவியூவில் இருக்கிறார்கள், ஈரல் அறிந்த மருத்துவர்கள் டொராண்டோ ஜெனரலில் இருக்கிறார்கள், நோயாளிகள் மார்க்கம் சாலையின் இருபுறமும் இருக்கிறார்கள். இந்த மூவருக்கும் இடையே அரைமணி நேர கார்ப் பயணம்தான்.

அதுவரை, சர்க்கரையோடு வாழும் பெற்றோரை அழைத்துக்கொண்டு போகிற பிள்ளைகள் அடுத்த முறை மருத்துவரிடம் இவற்றைக் கேட்கலாம்: அம்மாவின் ஃபிப்-4 எவ்வளவு? பிளேட்லெட் சில ஆண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறதா? முந்தைய ஸ்கேனில் மண்ணீரல் பெரிதாகத் தெரிந்ததா? மலம் தார்போல் கறுத்துப் போனால் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. கார்வெடிலால் போன்ற மாத்திரையை யாரும் தாமாகத் தொடங்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், கைப் பிரஷர் ஏற்கெனவே தாழ்ந்திருப்பவர்களுக்கும் அது ஆகாது. அளவைச் சிறிதாகத் தொடங்கி ஏற்றுவது மருத்துவரின் வேலை.